ஏரிக்கரையில் ஒரு கடுக்காய்க் கொட்டகை

எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது எங்கள் வீட்டில் ஓர் உல்லாசப் பயணத்துக்குத் திட்டம் போட்டார்கள். ஆம்பூரில் எங்கள் தெருக்காரர்கள் கல்யாணத்துக்குப் போவார்கள், சாவுக்குப் போவார்கள், வேலை தேடிப் போவார்கள். மலைமேல் காட்டுக்குள் ஏரிக்கரையில் போய் இரண்டு நாள் சும்மா தங்கிவிட்டு வருவது வெள்ளைக்காரத் துரைமார் செய்கிற காரியம். ஆகவே எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். எதிர்ப்படாதவர்களின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

திட்டம் அப்பாவுடையது. அவர் தோல் கம்பெனியில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டுகிறவர். தோலைப் பதப்படுத்தக் கடுக்காய் வேண்டும். அது ஜவ்வாது மலையிலிருந்து வண்டி வண்டியாக வரும். கடுக்காய் பொறுக்கும் ஆட்கள் தங்குவதற்கென்று அங்கே ஓர் ஏரிக்கரையில் மரங்களை அடுக்கிச் சுவர் எழுப்பி, மேலே புல் வேய்ந்து கொட்டகை ஒன்று போட்டிருந்தார்கள். கோடையில் அது காலியாகக் கிடக்கும். வண்டிக்காரர்களிடம் நயமாகப் பேசி அப்பா அதை எங்களுக்காகக் கேட்டு வைத்திருந்தார்.

இவ்வளவு பாடும் என் அக்காவுக்காக. அதை மட்டும் எனக்கும் சொல்லியிருந்தார்கள், வாயைத் திறக்கக் கூடாது என்ற கட்டளையோடு. அதுவரை இரண்டு இடத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். முதலில் வந்தவர்கள் முந்தானையை மூக்கிலிருந்து எடுக்காமலே உட்கார்ந்திருந்து, காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அடுத்து வந்தவர்கள் தெருமுனையிலேயே திரும்பிவிட்டார்கள். இரண்டு கூட்டமும் சொல்லியனுப்பியது ஒன்றுதான்: பொண்ணு நெறம் கம்மி. அக்கா என்னைவிடச் சிவப்பு. தோல் கம்பெனியால் எங்கள் தெரு நாறும் என்பதைச் சொல்ல அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை, பாவம்.

மூன்றாவது இடம் ஜோலார்பேட்டை. மாப்பிள்ளைக்கு ரயில் இன்ஜினில் கரி அள்ளிப் போடுகிற வேலை. பெண்ணைக் கோயிலில் பார்ப்பது, சந்தையில் பார்ப்பது என்றெல்லாம் வழக்கம் உண்டல்லவா? அதுபோல, நாங்கள் காற்று வாங்க மலைக்குப் போவதாகவும், அவர்களும் தற்செயலாக அங்கே வருவதாகவும் தரகர் மூலம் ஏற்பாடு. அக்கா அந்த நல்ல காற்றில் நிற்கும்போது அவர்கள் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்குக் கடுக்காய் கொடுக்கிற திட்டத்தைக் கடுக்காய்க் கொட்டகையிலேயே வைத்திருந்தார் அப்பா.

வேலைகள் மும்முரமாக நடந்தன. எங்கள் துணிகளை அம்மா பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் துவைத்து, அங்கேயே உலர்த்தி, வீட்டுக்குள் கொண்டுவராமலே மூட்டை கட்டித் திருப்பத்தூரில் இருந்த சின்னம்மா வீட்டுக்கு அனுப்பினாள். பழந்துணியோடு ரயிலில் போய், அங்கே சீயக்காய் தேய்த்துக் குளித்து, துணி மாற்றிக்கொண்டு மலையேறுவது என்று பேச்சு. பக்கத்து வீட்டு பாய் தன் அரிக்கேன் விளக்கைக் கொடுத்து, "எண்ணெய் ஜாஸ்தி ஊத்திடாதம்மா, சிம்னி வெடிச்சிரும்" என்றார். கரடி வந்தால் என்ன செய்வது என்று நான் எல்லோரிடமும் யோசனை கேட்டேன். ஏரியில் மீன் பிடிக்க ஒரு பழைய புடவைத் துண்டையும் தயார் செய்தேன்.

மாலையில் அப்பா குளித்துவிட்டு வந்ததும் நான் அடுப்புக்கரியை அவர் கையில் கொடுத்துவிடுவேன். தரையில் மலைப்பாதையை வளைத்து வளைத்து வரைவார். ஏரியைப் போடுவார். கொட்டகையைப் போட்டு, அதற்குள் யார் எங்கே படுப்பது என்றும் காட்டுவார். சுவரோரம் அம்மா, நடுவில் நான், அந்தப் பக்கம் அக்காவும் சின்னம்மாவும், கதவோரம் சித்தப்பா.

"நீ எங்கப்பா படுப்ப?"

"நானா? எனக்கு லீவு குடுக்கலியே கண்ணு. சித்தப்பா பேசிக்குவாரு. நான் இங்க வீட்டப் பாத்துக்கறேன்."

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா கையை நிறுத்தினாள். எனக்கோ, கொட்டகையில் ஓர் ஆள் குறைந்தால் கரடிக்கு நான் கொஞ்சம் கிட்டத்தில் வந்துவிடுவேனே என்ற கவலைதான் பெரிதாக இருந்தது.

புறப்படும் நாள் விடிந்தது. ஜட்கா வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. கட்டுச்சோற்று மூட்டையும் விளக்கும் ஏறின. நான் எல்லோருக்கும் முன்னால் ஏறி வண்டிக்காரர் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டேன். அக்கா மட்டும் வீட்டுக்குள் போய்க் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா வர்லன்னா நானும் வர்ல."

"இன்னாடி இது, வண்டி நிக்கிற நேரத்துல!" என்றாள் அம்மா.

"லீவு குடுக்கலம்மா, நான் இன்னா பண்ண?" என்றார் அப்பா.

"நேத்து உங்க கம்பெனி மேஸ்திரி ஊட்டுக்குப் போயி நானே கேட்டேன். நீ லீவே கேக்கலியாமே."

அப்பா தன் கைகளைப் பார்த்தார். சுண்ணாம்பில் வெந்து வெளுத்த கைகள். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கழுவிப் பாக்காத நாளு இல்லம்மா. ஒடம்புல ஊறிப்போச்சி, போவ மாட்டேங்குது. நான் வந்தா அந்த மலக்காத்தும் பத்தாது. உன் வாழ்க்கைம்மா, நீ போய்ட்டு வா."

"உன்ன ஒளிச்சி வெச்சித்தான் எனக்குத் தாலி ஏறணும்னா, அந்தத் தாலி எனக்கு வாணாம்பா."

அம்மா கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் தலையில் அடித்துக்கொண்டாள். "மூணாவது எடமும் போச்சின்னா உன்ன எவன்டி கட்டுவான்?" என்றாள். அக்கா கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையவில்லை. ஸ்டேஷன் பக்கத்திலிருந்து ரயில் கூவியது கேட்டது. நான் வண்டியிலிருந்து இறங்காமலே ஓவென்று அழுதேன். போகாத பயணத்துக்குப் பாதிக் கூலி வாங்கிக்கொண்டு வண்டிக்காரர் போய்விட்டார்.

அந்த இடம் தட்டிப்போயிற்று. மலைமேல் காத்திருந்து ஏமாந்தவர்கள் தரகரை வாய்க்கு வந்தபடி பேசினார்களாம். பிறகு அக்காவுக்கு அமைந்த மாப்பிள்ளை எங்கள் தெருக்காரரேதான், அது நடக்க இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று. ஏரியை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் கட்டுச்சோற்றை அம்மா வீட்டுக்குள்ளேயே அவிழ்த்தாள். வீண் பண்ண முடியுமா? அப்பா கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, கண் சிவக்க உள்ளே வந்தார். சுண்ணாம்புத் தண்ணீர் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எப்போதும் கடைசியில் வாசலோரம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர், அன்று நேராக வந்து அக்காவை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். அவள் வைக்க வைக்கப் புளிச்சோற்றை வாங்கிச் சாப்பிட்டார். முகம் மலர்ந்து கிடந்தது. நான் சோற்றைத் தொடாமல் மூலையில் உட்கார்ந்து அவரையே முறைத்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு மாப்பிள்ளை போயாயிற்று, எனக்கு ஏரி போயாயிற்று, அம்மா அழுது ஓய்ந்து கிடக்கிறாள், இந்த மனுஷருக்கு மட்டும் எப்படிச் சோறு இறங்குகிறது? எங்கள் பயணம் கெட்டுப்போனதில் அப்பாவுக்குத்தான் வீட்டிலேயே ஜாஸ்தி சந்தோஷம் என்று நெடுநாள் அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது.