எஸ்தர் டீச்சர் போடாத மார்க்

போன மாதம் வாசுதேவநல்லூர்ப் பள்ளிக்கூடத்தில் நான் வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருந்தபோது, சங்கரன்கோவில் பஸ் கண்டக்டர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். அவர் மகள் எஸ்தர் டீச்சரிடம் படித்தவள். "சார், டீச்சர் போயிட்டாக. நாலு மணிக்கு அடக்கம்" என்றார். பதிவேட்டைப் பாதியில் மூடிவிட்டு அதே பஸ்ஸில் ஏறினேன்.

சங்கரன்கோவிலில், தறிச் சத்தம் ஓயாத தெருவில் டீச்சர் நடத்திய சின்னப் பள்ளிக்கூடத்தை, இந்த நினைவு மலரைப் படிக்கும் பழைய மாணவர்களே, நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பதினைந்து வருடத்துக்கு முன்னால், எழுபதுகளின் கடைசியில், நான் அங்கே கணக்கு வாத்தியார். ஆளுக்கொரு பாடம் என்பது டீச்சரின் முறை. தறிக்காரர் மகன் சாயம் கலந்து பின்னம் படித்தான். பாட்டு வருகிற பிள்ளை வாய்பாட்டுக்கு மெட்டுப் போட்டாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். "இது பள்ளிக்கூடமா டீச்சர், திருவிழாக் கடையா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "திருவிழாவுக்குன்னா ஒரு பிள்ளையும் அழுதுக்கிட்டுப் போகாதுல்லா சார்" என்றார்.

மார்க் கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி நோட்டு. அதில் வந்துவிட்டது, வருகிறது, இன்னும் வரவில்லை என்று மூன்றே விதமாகத்தான் எழுதுவார். ஒரு பிள்ளையைப் பற்றி நான் "இவளுக்குப் படிப்பு வராது" என்றபோது மட்டும் அவருக்குக் கோபம் வந்தது. "வராதுன்னு சொல்ல நாம யாரு சார்? இன்னும் வரலன்னு சொல்லுங்க."

அந்தப் பிள்ளை பேச்சி. கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் ஆடு மேய்ப்பவரின் மகள். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். டீச்சர் அவள் கையில் களிமண்ணைக் கொடுத்தார். பேச்சி ஆடு செய்தாள், குட்டி செய்தாள். ஒரு வருடம் கழித்து ஆட்டின் படம் வரைந்து அடியில் 'ஆ' எழுதினாள். அன்றைக்கு டீச்சர் அவளைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகக் காட்டினார்.

அடுத்த வாரம் கல்வி அதிகாரி வருவதாகத் தாக்கீது வந்தது. மார்க் ரிஜிஸ்டர் இல்லாவிட்டால் அங்கீகாரம் போய்விடும் என்று நான் பதறினேன். "இல்லாத மார்க்கை எப்படி சார் எழுத?" என்று டீச்சர் மறுத்துவிட்டார். அவருக்குத் தெரியாமல் நானே எழுதினேன். எல்லாருக்கும் பாஸ் போட்டேன். பிறகு, ஒருத்தர்கூட பெயில் ஆகாத ரிஜிஸ்டரை யார் நம்புவார்கள் என்று தோன்றியது. பேச்சிக்குத் தமிழில் பன்னிரண்டு போட்டேன். ஏன் பேச்சி? ஆடு மேய்ப்பவர் வந்து கேள்வி கேட்க மாட்டார் என்பதுதான் காரணம். இதைச் சொல்ல இன்றும் கூசுகிறது.

அதிகாரி திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். கையோடு, மார்க்கை அட்டையில் எழுதி வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

மூன்றாம் நாள் பேச்சியின் அப்பா அட்டையோடு வந்தார். "பன்னெண்டுன்னு டீக்கடையில வாசிச்சுச் சொன்னாக. வராத படிப்ப வச்சுக்கிட்டு என்ன செய்ய, டீச்சரம்மா? அவ ஆட்டப் பாக்கட்டும்." டீச்சர் அட்டையைப் பார்த்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அத நான்தான் போட்டேன். தப்பாப் போட்டுட்டேன். பிள்ளைய விட்டுட்டுப் போங்க" என்றார். "போட்டது போட்டதுதான" என்று அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

டீச்சர் அவர்கள் ஊருக்குப் பலமுறை நடந்தார். பேச்சி திரும்ப வரவில்லை. டீச்சர் என்னிடம் அந்த மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அடக்கத்துக்குப் பேச்சி வந்திருந்தாள், இடுப்பில் ஒரு குழந்தையோடு. என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "டீச்சருக்கு எம்மேல ரொம்பப் பிரியம் சார். அப்படியும் எதுக்குப் பன்னெண்டு போட்டாகன்னுதான் எனக்கு வெளங்கல" என்றாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

டீச்சரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது எனக்காக அவர் சொன்ன அந்த ஒரு பொய்தான். அதை இங்கே திருப்பிக் கொடுக்கிறேன். இதைப் படிக்கும் நீங்கள் என்னைத் திட்டலாம். பேச்சியால் அதுவும் முடியாது, அவளுக்கு வாசிக்கத் தெரியாது. வரும் ஞாயிற்றுக்கிழமை கரிவலம்வந்தநல்லூருக்குப் போய், அவள் முன்னால் உட்கார்ந்து நானே இதை வாசிக்கப் போகிறேன்.