பெரியம்மா எடுத்த வேகம்

சர்வதேச வயலின் போட்டிக்கு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் அவள் ‘பியானோ ஆன்ட்டி’. எந்த நாட்டுப் பிள்ளை மேடையேறினாலும் பின்னால் உட்கார்ந்து துணைக்கு வாசிப்பாள். பிள்ளை மூச்சை இழுத்தால் இவள் விரல் இறங்கும். தயங்கினால் இவளும் தயங்குவாள். யாருடைய புகழுக்கோ துணை போயே பாதி ஆயுள் கழிந்திருந்தது.

இந்த வருடம் அந்தப் போட்டியில் அவள் மகளும் வாசித்தாள், தங்கையின் மகளும் வாசித்தாள். மகள் முதல் சுற்றோடு நின்றுவிட்டாள். தங்கையின் மகள் இறுதிச் சுற்றுக்குப் போனதோடு, “எனக்குத் துணைக்குப் பெரியம்மாதான் வேணும்” என்று கேட்டும் வாங்கிக்கொண்டாள்.

ஒத்திகை அறைக்குத் தங்கை வந்தாள்.

“என்னக்கா, முகம் வாடிக் கிடக்கு? உன் பொண்ணும் நல்லாத்தான் வாசிச்சா. கைதான் கொஞ்சம் நடுங்கிடுச்சு.”

“உன் பொண்ணுக்கு நடுங்கலையே, அது போதும்.”

“அவளுக்கு நடுக்கம்னா என்னன்னே தெரியாதுக்கா! பசிச்சாகூட அழாத பிள்ளை.”

அக்கா சிரித்தாள். வயிறு எரிந்தது. சிறுவயதிலிருந்தே எல்லாம் இவளுக்குத்தான். நீண்ட கூந்தல், நல்ல இடத்துச் சம்பந்தம், இப்போது இப்படி ஒரு மகள்!

“பெரியம்மா, கடைசிப் பகுதியை மட்டும் இதே வேகத்துல எடுங்க. இதுக்கு மேல போனா என் விரல் சிக்கிக்கும்” என்றாள் தங்கையின் மகள், வயலின் வில்லைத் துடைத்தபடி.

கடைசிப் பகுதியைப் பியானோதான் தொடங்க வேண்டும். இறுதிச் சுற்றில், நிறைந்த அரங்கில், அந்த இடம் வந்தது. மூன்றாவது வரிசையில் அழுது வீங்கிய கண்களோடு தன் மகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். விரல்கள் ஒத்திகையை மறந்து பாய்ந்தன.

மேடையில் தங்கையின் மகள் திடுக்கிட்டுத் திரும்பினாள். மறுகணம் வில்லைத் தந்தியில் இறக்கி, அதே வேகத்தில் கூடவே ஓடிவந்தாள். விரல்கள் சிக்கின. சுரங்கள் உதிர்ந்தன. விடாமல் முடித்தாள்.

இரண்டாம் பரிசுதான் கிடைத்தது.

மேடைக்குப் பின்னால் தங்கை பொரிந்து தள்ளினாள். “அறிவிருக்காடி? பெரியம்மா தப்பா எடுத்தா நீயும் பின்னாடியே ஓடுவியா? உன் வேகத்துல நின்னிருந்தா அவங்கதானே இறங்கி வந்திருப்பாங்க!”

“நின்னிருந்தா தப்பு பெரியம்மாவோடதுன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கும்மா. துணைக்கு வாசிக்கறதுதான் அவங்க பொழப்பு. எனக்கென்ன, அடுத்த தடவை வாங்கிக்கறேன்.” பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா முதல் சுத்துலயே தோத்துட்டாளேங்கிற நினைப்புல பதறிட்டீங்க, அதானே?”

பொறாமையில் எடுத்த வேகம் என்ற உண்மையை விழுங்கினாள். பியானோ ஆன்ட்டி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். பிறகு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

அந்த அழுகைக்குள்ளும் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது: இப்படிப்பட்ட மனசும் தங்கை வயிற்றில்தானா வந்து பிறக்க வேண்டும்!