நீ போனியாம்மா?

இரண்டாம் வகுப்பு படித்தபோது, பள்ளிக்கூட பாத்ரூமுக்குள் காலே வைக்க மாட்டேன். வாடை ஒரு காரணம். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாதது அதைவிடப் பெரிய காரணம். காலையில் அவனியாபுரத்து வீட்டில் போனால், மறுபடியும் சாயங்காலம் அதே வீட்டில்தான். ஷேர் ஆட்டோவில் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்து வருவேன். பல நாள் ஜெயித்தேன். சில நாள் வாசற்படி வரை வந்து தோற்றேன்.

கடைசியில் எரிச்சலும் காய்ச்சலும் வந்து, பசுமலையில் ஒரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கணும், அடக்கவே கூடாது என்றார் அவர். நான் அழுத அழுகையில் அம்மா வழியிலேயே ஓர் ஒப்பந்தம் போட்டாள்.

"நீ பள்ளிக்கூடத்துல போ. நான் கடையில போறேன். சாயங்காலம் ரெண்டு பேரும் சொல்லிக்குவோம். சரியா?"

சிம்மக்கல்லில் மொத்த விலைப் பிளாஸ்டிக் கடை ஒன்றில் அம்மா வேலை பார்த்தாள்.

மறுநாள் என் தோழி வெளியே கதவைப் பிடித்துக்கொள்ள, பயம் தெரியாமலிருக்க நான் உள்ளே பாடினேன். பிறகு அவள் முறை, அவள் பாட்டு. கொஞ்ச நாளில் பாடுவதற்காகவே போக ஆரம்பித்தோம். வீட்டுக்கு வந்ததும் பெருமையாகச் சொல்லிவிட்டு, "நீ போனியாம்மா?" என்பேன். "போனேன்டி" என்று சிரிப்பாள்.

கோடை விடுமுறையில் ஒருநாள் அம்மாவோடு கடைக்குப் போனேன். கூரை வரை வாளியும் கப்பும் அடுக்கியிருந்தார்கள். மதியம் எனக்கு வந்துவிட்டது. பாத்ரூம் எங்கே என்று கேட்டதும் அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"இங்க நமக்கு அதெல்லாம் இல்லடி. கொஞ்சம் பொறுத்துக்க."

"அப்ப நீ எங்க போவ?"

அம்மா என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி மூடி வைத்தாள். எனக்கு வந்த கோபத்தில் நேரே கல்லாவுக்குப் போய் முதலாளி முன்னால் நின்றேன்.

"மாமா, இம்புட்டு வாளி வச்சிருக்கீங்க, ஒரு பாத்ரூம் இல்லையா? அடக்குனா எங்கம்மாவுக்குக் காய்ச்சல் வரும். டாக்டரம்மா சொன்னாங்க."

அன்றோடு வேலை போயிற்று என்றே அம்மா நினைத்திருப்பாள், முகம் அப்படி வெளுத்திருந்தது. சரக்கெடுக்க வந்திருந்த ஒருவர்தான் முதலில் சிரித்தார்.

"அண்ணே, பிள்ள சரியாத்தான கேக்குது?"

முதலாளி தலையைச் சொறிந்தார். மாடியில் அவருக்கென்று ஒன்று பூட்டிக் கிடந்தது. டிராயரைத் திறந்து சாவியை எடுத்தார்.

"இந்தாம்மா. இனிமே இது அந்த ஆணியிலயே தொங்கட்டும். எங்கிட்ட கேக்க வேணாம், எடுத்துட்டுப் போங்க."

முதலில் போனது நான்தான். அங்கே தாழ்ப்பாள் இருந்தது. இருந்தாலும் பாடினேன்.

இறங்கி வந்தால், கடையில் வேலை பார்க்கும் அக்காமார் எல்லாரும் ஆளாளுக்கு என்னைத் தூக்கிக் கொஞ்சினார்கள். ஒருத்தி பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தாள். அப்புறம் அத்தனை பேரும் தண்ணீர்க் கேனைச் சுற்றி நின்று, அண்ணாந்து, சிரித்துக்கொண்டே, செம்பு செம்பாகக் குடித்தார்கள். அம்மாவும் சேலை நனையக் குடித்தாள்.

பாவம், வெயிலுக்கு ரொம்பத் தாகம் போல என்று நினைத்துக்கொண்டேன்.