ஒன்பதாம் மாடியின் மேற்குச் சுவர்

எங்கள் ஆபீசில் எனக்கு எதிர் மேஜை பிரேமலதாவுக்கு. கட்டட வரைபடம் போடுகிற வேலை. தில்லைநகரில் எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினாலும் வெயிலோடு இப்படி மல்லுக்கட்டுகிற இன்னொருத்தியைப் பார்க்க முடியாது. திருச்சியில் மாடி மேல் மாடி கட்டுவதென்றால் முதலில் சூரியனிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பாள். நானெல்லாம் ஏசி போட்டால் தீர்ந்தது என்கிற கட்சி.

காட்டூர் பக்கம் ஒரு பன்னிரண்டு மாடிக் குடியிருப்பை ஒரு வருஷம் வரைந்தாள். கட்டடத்தின் ஒல்லியான பக்கங்கள் கிழக்கிலும் மேற்கிலும். ஜன்னல்கள் தெற்கே, உச்சி வெயிலை மறைக்க அகலமான சன்ஷேடு. வடக்கே திறந்த நடைபாதை, வீட்டு வாசல்கள் எல்லாம் அந்தப் பக்கம். காற்று ஒரு பக்கம் புகுந்து மறு பக்கம் போய்விடும்.

படத்தைப் பார்த்த அவள் அப்பா பிச்சை ஒன்பதாம் மாடியில் உடனே ஒரு வீட்டைப் பதிவு செய்துவிட்டார். கைலாசபுரம் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அவர் மனைவி அமிர்தத்துக்குக் காற்றோட்டமான அறை வேண்டும். "எம் பொண்ணு வரைஞ்ச வீடுங்க" என்று என்னிடமே நாலு தடவை சொன்னார்.

அப்புறம் வந்தது வாஸ்து. வாசல் கிழக்கே பார்க்க வேண்டும் என்று, பதிவு செய்தவர்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்களாம். முதலாளி பிரேமலதாவைக் கூப்பிட்டு, "மொத்தமா ஒரு திருப்பு திருப்பிடும்மா" என்றார். கம்ப்யூட்டரில் அது அரை நிமிஷ வேலை. வாசல் கிழக்கே வந்தது, ஜன்னல்கள் அத்தனையும் மேற்கே போயின. சாய்ந்து வரும் மாலை வெயிலுக்கு முன்னால் அந்த சன்ஷேடு எதற்கும் உதவாது. "சார், வெந்துடும்" என்றாள், ஒரே ஒரு தடவை. அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அவள் படத்தில் கையெழுத்துப் போட்டாள். சம்பளக்காரன் நானும் வாயை மூடிக்கொண்டேன். விளம்பரத்தில் 'பசுமைக் குடியிருப்பு' என்று போட்டதை மட்டும் யாரும் மாற்றவில்லை.

வாசல் மாறியது பிச்சைக்குத் தெரியும். அதோடு வேறு என்ன மாறியது என்பதை மகள் சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் கட்டடம் எழுந்து நின்றுவிட்டது.

குடிபோன முதல் சித்திரையிலேயே, மூன்று மணிக்கு மேல் அமிர்தத்தின் கட்டிலை ஒட்டிய சுவரில் கை வைக்க முடியவில்லை. ஏசி ஓட ஓடச் சுவர் சூட்டைக் கக்கியது. கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டார்கள், கூடமும் மேற்குதான். முதுகில் புண் வந்தது, ஆறவில்லை. அடுத்த வருஷம் வைகாசியில் அமிர்தம் போய்ச் சேர்ந்தார். வெயிலால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. பிரேமலதாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் போயிருந்தேன். வீட்டுக்குள் இருக்க முடியாமல் பிச்சை நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் இருப்பதைக்கூடப் பாராமல் பிரேமலதா அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"ஜன்னலையெல்லாம் மேற்கே திருப்பினது நான்தான்ப்பா. வெந்துடும்னு எனக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்லல."



"அந்த மனுவுல முதல் கையெழுத்து என்னுதும்மா" என்றார். "கிழக்கு வாசல் வீட்டுக்குப் போனா உங்கம்மா எழுந்து நடப்பான்னு ஜோசியர் சொன்னாரு. வாசல் மட்டும்தான் மாறும்னு நெனச்சேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா."

"கேட்டா நீ ஒத்துக்கவே மாட்டேன்னு நெனச்சேம்மா. அதான் கேக்கல."

அம்மா செத்த அன்றைக்குக்கூட அழாதவள், அதைக் கேட்டதும் வாய்விட்டு அழுதாள்.