அக்காவுக்கு எந்த நாவல்

நாலு வருடம் என்னோடு பேசாத அக்கா ஒரு நாள் காலையில் வாட்ஸப்பில் ஒரே வரி அனுப்பினாள். பள்ளிக்கூட நாளிலிருந்து நான் கட்டிக்கொண்டு அழும் அந்த எழுத்தாளரை எங்கிருந்து படிக்க ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். எப்படி இருக்கிறாய் என்றுகூட இல்லை.

அவள் விழுப்புரத்தில், நான் திண்டிவனத்தில். நடுவில் ஒரு மணி நேர பஸ் பயணம்தான். அவளுக்கு வரன் பேசி முடிக்கும் நேரத்தில் நான் வீட்டைவிட்டு வந்து கல்யாணம் செய்துகொண்டேன். மாப்பிள்ளை வீட்டார் அதையே சாக்காக வைத்து விலகிக்கொண்டார்கள். அன்றைக்கு வாயை மூடியவள்தான்.

அந்த மனிதரின் எழுத்து லேசில் வசப்படாது. ஒரு வாக்கியம் ஒரு பக்கம் ஓடும். யார் பேசுகிறார், யார் நினைக்கிறார் என்று பிடிபடுவதற்குள் தலை சுற்றும். பெரிய நாவலைக் கொடுத்தால் பத்துப் பக்கத்தில் மூடிவைப்பாள். மெலிசாக இருக்கிறதே என்று கடைசி நாவலைக் கொடுப்பவர்கள் உண்டு. அவர்களை என்ன சொல்லித் திட்டுவது, இருப்பதிலேயே கடினம் அதுதான். புதிதாக வருகிறவர்களுக்கு ஏற்றது அவருடைய இரண்டாவது நாவல். அதில்தான் வம்பு. அதில் ஒரு தங்கை ஓடிப்போகிறாள், அக்காவின் கல்யாணம் நின்றுபோகிறது.

அதைக் கொடுத்தால் குத்திக்காட்ட அனுப்பினேன் என்பாள். வேறொன்றைக் கொடுத்தால் படிக்க மாட்டாள், அப்புறம் என்னிடம் எதையும் கேட்கவும் மாட்டாள். அரை நாள் அலமாரி முன்னால் நின்றேன். வருவது வரட்டும் என்று கடைசியில் அதையே எடுத்தேன். இப்போது அச்சில் இல்லாததால் என் பிரதியையே பேப்பரில் சுற்றி, விழுப்புரம் பஸ்ஸில் தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்தேன். எங்கள் பக்கம் மாத்திரை முதல் மல்லாட்டைக் கடலை வரை அப்படித்தான் ஊர் போய்ச் சேரும். பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளும்படி அக்காவுக்கு எழுதினேன்.

வீட்டுக்கு வந்து டீ குடிக்கும்போது கணவர் எந்தப் புத்தகம் என்றார். சொன்னேன்.

"நீ கோடு போட்டு வச்சிருப்பியே, அதுவா?" என்றார்.

டம்ளரைக் கீழே வைத்தேன். கல்யாணமான புதிதில், எல்லார் மேலும் எரிச்சலாக இருந்தபோது படித்த பிரதி அது. தங்கை பேசும் இடமெல்லாம் பென்சில் கோடு. அக்காவுக்காக நான் ஏன் காத்திருக்க வேண்டும் என்று அவள் கத்தும் பக்கத்தின் ஓரத்தில் 'நல்லாக் கேட்டா' என்று எழுதியே வைத்திருந்தேன்.

பிரிக்காதே என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். அவள் பார்க்கவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். கூட்டேரிப்பட்டில் மயிலம் கோயிலுக்குப் போகிற கூட்டம் இறங்கி முடிவதற்குள் எனக்கு உயிர் போனது. சாமி எங்கேயும் போய்விடாது, சீக்கிரம் இறங்குங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. விக்கிரவாண்டி தாண்டும்போது செய்திக்குப் பக்கத்தில் நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிய பேப்பர் காலடியில் கிடந்தது. புத்தகம் மடியில், பாதிக்கு மேல் திறந்திருந்தது. இளைத்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது. என்னைப் பார்த்தும் அவள் எழுந்திருக்கவில்லை. பையை நகர்த்தி இடம் விட்டாள். உட்கார்ந்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே இருந்தாள். திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

"தங்கச்சிக்காரி பேசுறதுக்கெல்லாம் கோடு போட்டுக்கினே போயிருக்க," என்றாள். "அக்காக்காரி பேசுற எடத்துல ஒரு கோடு கூட இல்லியேடி."

அக்காக்காரி பேசும் ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.

"பென்சில் வச்சிருக்கியா?"

பையைத் துழாவினேன். பேனாதான் இருந்தது. கொடுத்தேன்.