அக்காளின் முத்திரைகளுக்கு வைத்த குங்குமம்

அக்காளைக் குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குக் கூப்பிட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும். அவள் நர்ஸ் படிப்புக்குப் போன வருஷம், வீட்டில் கைக்கு ஆள் வேண்டுமென்று என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கும் எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். ஆனால் யாரும் குறை சொல்ல முடியாதபடி போடுவேன்.

அக்காளின் சர்ட்டிபிகேட்டுகள் அந்த நாட்டில் செல்லுபடியாக வேண்டுமென்றால், அவை நிஜம்தான் என்று இங்கே ஒவ்வொரு ஆபீஸாக முத்திரை வாங்க வேண்டுமாம். எங்கள் அப்பா, நைனா, தங்கச் சுரங்கத்தில் ஷிப்டை விட்டுவிட்டு அவளை முதலில் கோலாருக்கு, நோட்டரி வக்கீலிடம் கூட்டிப்போனார். பிறகு பெங்களூருக்கு. டெல்லி பாக்கி. மாரிகுப்பத்தில் ரயிலேறிப் போகிறவர்கள், முத்திரையையும் ஓட்டல் மசால்தோசைக் கதையையும் கொண்டுவருவார்கள். அந்த முத்திரையைப் பார்க்கவே எங்கள் சுரங்கக் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைன் ஜனங்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். ஊதா வட்டம், நடுவில் சிங்கம். எனக்கு வயிறு எரியும்.

"எனக்கு எப்பம்மா சீல் போடுவாங்க?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"உனக்கு எதுக்குடி சீலு? நீ எங்க போவப் போற?"

காகிதங்களை டெல்லிக்கு அனுப்ப இருந்த நாளுக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. நைனாவின் சுரங்கத் தொப்பி, பூட்ஸ், அம்மாவின் அரிவாள்மணை எல்லாம் கழுவி வைத்திருந்தது. என் ஆயுதம் துடைப்பம். அதற்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு, அம்மா பெட்டியிலிருந்து அக்காளின் காகிதங்களை எடுத்தாள். நீர்க்கக் குழைத்த சந்தனத்தில் கட்டைவிரலை முக்கி, ஒவ்வொரு முத்திரை மேலும் அழுத்தித் தேய்த்தாள். அதன்மேல் குங்குமம். சாமி படத்துக்கே கண் மறையாமல் விரல் நுனியால் வைக்கிறவள், அக்காள் காகிதத்துக்கு மட்டும் வாரி வைக்கிறாளே என்று எனக்கு ஆத்திரம்.

சாயந்திரம் அக்காள் பார்த்தாள். ஊதா மை சந்தனத்தில் கரைந்து, சிங்கம் போன இடம் தெரியவில்லை. சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்க?" என்றார் நைனா அம்மாவிடம்.

"வருசா வருசம் உங்க தொப்பிக்கு வெக்கல? அவளுக்கு அதானே ஆயுதம்."

மறுநாள் நைனா காகிதங்களோடு கோலாருக்குப் போனார்.

படிக்க முடியாத முத்திரை செல்லாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். புதுசாகச் சர்ட்டிபிகேட்டுக்கு எழுதிப்போட்டு, மறுபடியும் கோலாரிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் அந்த வேலை வேறு யாருக்கோ போனது. எனக்கு உள்ளுக்குள் இனித்தது. அடுத்த வருஷம் இன்னொரு வேலை வந்தபோது அக்காள் முத்திரை வாங்கிய காகிதங்களை வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் விடுதியிலேயே பூட்டி வைத்துக்கொண்டாள். எங்கள் கண்ணுக்குக்கூடக் காட்டமாட்டேன் என்கிறாளே, அவ்வளவு கர்வமா என்று நினைத்தேன். அவள் ரயிலேறிய அன்று அம்மா ஸ்டேஷனுக்கு வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள்.

எனக்குக் கல்யாணமாகி, பக்கத்திலிருக்கும் பேத்தமங்களாவுக்குப் புருஷன் வீட்டுக்குப் புறப்பட்டபோது, அம்மா வாசலில் நின்று சிரித்த முகமாகவே அனுப்பி வைத்தாள். "நல்லபடியா போய் வா" என்று நெற்றியில் விரல் நுனியால் ஒரு பொட்டு வைத்தாள். வண்டி திரும்பும்போதுதான் அந்தக் கட்டைவிரல் என் நினைவுக்கு வந்தது. அக்காளைப் போகவிடாமல் நிறுத்தத்தான் அம்மா அப்படித் தேய்த்தாள். என்னை நிறுத்த அவள் ஒன்றும் செய்யவில்லை. நானோ அத்தனை நாளும் முத்திரையைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.