சாரத்து எலிகோப்தேர்

பெட்ரோல் வாசனை வந்தால் அன்றைக்கு எங்கள் வீட்டுக் குழம்பில் முருங்கைப்பூ மிதக்கும். சாரம் பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்பக்கம் அப்பா இன்ஜினைக் கிளப்பியதும், மேலே சுழலும் மர இறக்கைகளின் காற்றில் பக்கத்து வீட்டு முருங்கை உதிர்ந்து சமையலறை வரை பறந்து வரும்; அம்மா கரண்டியால் பூவை எடுத்துப் போட்டபடி, "இன்னாத்துக்கு இந்த வேல?" என்று அடுப்பைப் பார்த்துக் கேட்பாள்.

மில்லில் ஃபிட்டராக இருந்த அப்பா, மில் மூடிய பிறகு, பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜினையும் இரும்புக் குழாய்களையும் வைத்து ஹெலிகாப்டர் செய்துகொண்டிருந்தார். பிரெஞ்சுப் பள்ளியில் நாலு வகுப்பு படித்த, பழைய இரும்புக்கடை சவரி அண்ணன் அதை "எலிகோப்தேர்" என்றார்; அப்பா தெருவுக்கே "எலிகோப்தேர் மிசே", அதாவது ஹெலிகாப்டர் துரை, ஆகிப்போனார். முதல் சோதனையில் இறக்கை வலப்பக்கம் சுற்ற, வண்டி இடப்பக்கமாகச் சுற்றிக் கோழிக்கூண்டைத் தள்ளிவிட்டது. வாலில் சின்ன விசிறி மாட்டியதும் அந்த ஆட்டம் அடங்கியது. மாதா திருநாளன்று தன்னைச் சுமந்துகொண்டு ஏறாவிட்டால் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டு, கிடைத்த வேலைக்குப் போவதாக அப்பா அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

முந்தின நாள், சவரி அண்ணன் கடையின் முள் வைத்த மேடைத் தராசில் வண்டியை நிறுத்தி, நாலு மூலையிலும் கயிறு கட்டி, இருக்கையில் இருபத்தைந்து கிலோ மணல் மூட்டையை வைத்து இன்ஜினை ஓட்டினார். முள் மெல்ல இறங்கிச் சுழியைத் தொட்டது. வண்டிக்கும் தராசுக்கும் நடுவே என் கை நுழையுமளவு வெளிச்சம் தெரிந்தது. பார்த்தது அப்பாவும் ஒன்பது வயதுப் பெண்ணான நானும் மட்டும். அப்புறம் நானும் விளையாட்டாகத் தராசில் ஏறினேன். இருபத்து நான்கு கிலோ.

திருநாள் பூசை முடிந்து தெருவே கடை முன்னால் வந்து நின்றது. அப்பா ஏறி உட்கார்ந்தார். முள் முப்பது கிலோ வரை இறங்கி, அதற்குக் கீழே போக மறுத்தது.

"மூச்ச புடிச்சிக்கினு குந்து மிசே!" என்றார் சவரி அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஓடிப்போய், "நான் ஏர்றேன்பா, நான் இருபத்து நாலு கிலோதான்!" என்று கத்தினேன். அப்பா என்னைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், இன்ஜினை நிறுத்தினார்.

"ஏறாது. அவ்ளோதான்," என்றார்.

மணல் மூட்டையைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரமே வண்டியைப் பிரித்துவிட்டு, காலாப்பட்டில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். பத்து நாள் நான் அவரோடு பேசவில்லை.

இப்போது அந்த வீடிருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. முருங்கை இல்லை, சவரி அண்ணன் இல்லை. கடையில் அவர் மகன் எண் ஒளிரும் தராசு வைத்திருக்கிறான். "மிசே" என்று கூப்பிடுவதற்கும் ஆளில்லை. போன வருடம், ஆஸ்பத்திரியில் அப்பாவின் கடைசி வாரத்தில்தான் அதைக் கேட்டேன்: "மூட்டையத் தூக்குச்சே, என்னிய ஏன்பா ஏத்தல?"

அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "மூட்ட வுழுந்தா மணலுதானம்மா கொட்டும்."